கத்துறதைக் கத்து, தொண்டையைக் கொஞ்சம் மிச்சம் வை

டேய் பேராண்டி, முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். உன்னோட அந்தக் குத்துச்சண்டைக்காரன் மோசஸ் இடாவுமா கெட்டிக்காரப் பயல்தான். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு இருக்கிற சந்தேகமெல்லாம் உம்மேலதான். வாட்சப்புல உன் மூஞ்சியை எடுத்துட்டு அவன் மூஞ்சியை வச்சிருக்க. அதுகூட ஒரு வகையில ஊருக்கு நல்லதுதான். ஆனா அதுக்குக் கீழே 'அடுத்த டைசன்'னு எழுதி வச்சிருக்க பாரு, அங்கதான் தாத்தாவுக்கு நாக்கு அரிக்குது. டைசன் தோத்துப்போன காலத்துல உங்கப்பனே டவுசர்தான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்.

ஒரு வேலை செய்வோம். நீ தூக்கி வச்சு ஆடுற இந்தப் புகழ் இருக்கே, இதுல எத்தனை பங்கு அந்தப் பயலுக்குச் சேரணும், எத்தனை பங்கு மத்தவனுக்குச் சேரணும்னு பிரிச்சுருவோம். பாகப்பிரிவினைன்னு வந்துட்டா நம்ம வகையறாவுல என்னைய விட்டா ஆள் கிடையாது. வேணா உன் சின்னத் தாத்தாவைக் கேட்டுப் பாரு. இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேச மாட்டாரு, அவ்வளவு கச்சிதமாப் பிரிச்சேன்.

பயலோட பங்கை முதல்ல எடுத்து வச்சிருவோம். பொறந்தது 2004 டிசம்பர் 28, ஸ்லோவாக்கியா நாட்டுல கெஷ்மரோக்னு ஒரு சின்ன ஊரு. அம்மா அந்த ஊருக்காரி, அப்பா நைஜீரியாக்காரர். சின்னப் பிள்ளையா இருக்கும்போதே இங்கிலாந்துக்கு வந்து, கென்ட் பக்கம் சாத்தம்கிற ஊருல வளந்தவன். 2022-ல இளையோர் உலகப் போட்டியில தங்கம். அமெச்சூரா ஆடின வரைக்கும் ஒருத்தன்கிட்டயும் தோக்கல. 2023 ஜனவரியில, 18 வயசுல, லண்டன் வெம்ப்ளி அரீனாவுல முதல் தொழில்முறை ஆட்டம். எதிராளியை 23 வினாடியில படுக்க வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். நீ அந்த வயசுல இன்ஜினியரிங் எடுக்கவா, ஆர்ட்ஸ் எடுக்கவான்னு ஆறு மாசம் படுத்துக்கிட்டே யோசிச்ச ஆளு. இந்த ஒரு விசயத்துக்கே நீ அவனைக் கும்பிடலாம், நான் தடுக்கல.

கையும் பொய்க்கை இல்ல. ஹெவிவெயிட்டுல பாதிப் பேரு ஆடி அசைஞ்சு வந்து, ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாஞ்சு இளைப்பாறுற ஆளுக. இந்தப் பய ஆறடி நாலங்குலம் இருந்துக்கிட்டு நடு எடைக்காரன் மாதிரிக் கை வீசுறான். இடதுகைக்காரன். வலது கையை முன்னாடி நீட்டி, அடிக்கிற மாதிரி ஒரு பொய், அடுத்து இன்னொரு பொய், எதிராளியோட கண்ணு எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே முன்னங்காலை அவன் காலுக்கு வெளிப்பக்கமாக் கொண்டுபோய் ஊன்றான். அங்க காலை வச்சுட்டா அவனுக்கு எதிராளி தெரியுவான், எதிராளிக்கு அவன் தெரிய மாட்டான். அப்புறம்தான் இடது கை வருது. ஒருத்தன் தடுமாறிட்டான்னா இருபது வயசுப் பயலுக அவசரப்பட்டுக் காத்துல கம்பு சுத்துவாய்ங்க. இவன் அப்படிச் செய்யிறதில்ல. எங்க ஓட்டை இருக்குன்னு பாத்துத்தான் அடுத்ததை விடுறான். உன் ஃபோன்ல அந்த இருபது வினாடித் துண்டுப் படத்தை ஓட்டி ஓட்டிக் காமிச்சியே, அதுல குத்தை விட்டுட்டுக் காலைப் பாருடான்னு நான் சொன்னேன். நீ அதுக்குள்ள அடுத்த படத்துக்குத் தள்ளிட்ட.

ஆக, கையும் காலும் அவன் பங்கு. எழுதிக்கோ.

இனி அடுத்தவன் பங்குக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 16, ரியாத். எதிர்ல டில்லியன் வைட். அதுக்காக நீ அலாரம் வச்சு எந்திரிச்சு, எங்க எல்லாருடைய தூக்கத்தையும் கெடுத்து, கொல்லைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சு. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு வினாடி கம்மி, 119 வினாடி. மடமடன்னு விழுந்த அடியில வைட் சரிஞ்சாரு, எந்திரிச்சாரு, கால் அவரு பேச்சைக் கேக்கல, நடுவர் போதும்னு கையைக் காமிச்சுட்டாரு. நீ வாசல்ல நின்னு விசில் அடிச்ச. நாய்கூட உன்னை ஒரு மாதிரியாத்தான் பாத்துச்சு.

வைட் லேசுப்பட்ட ஆள் இல்லைதான். ஒரு காலத்துல அவருகூட மோதறதுக்குப் பெரிய கைகளே யோசிச்சாய்ங்க. ஆனா அந்த ஒரு காலம் எந்தக் காலம்னு கேக்கணும்ல? ரியாத்துக்கு வந்தப்ப அவருக்கு 37 வயசு. 2015-ல ஜோஷுவா ஏழாவது ரவுண்டுல சாச்சாச்சு. 2020-ல பொவெட்கின் அஞ்சாவது ரவுண்டுல கீழருந்து ஒண்ணு விட்டு மல்லாக்கப் போட்டாச்சு. 2022-ல வெம்ப்ளியில தொண்ணூறாயிரம் பேருக்கு மேல பாத்துக்கிட்டிருக்க, பியூரி ஆறாவது ரவுண்டுல அதே மாதிரி ஒண்ணு. வைட்டை எப்படிச் சாய்க்கணும்னு மூணு பேரு முன்னமே செஞ்சு காமிச்சுட்டாய்ங்க. ஆனா நியாயத்தையும் சொல்லணும், அவங்கள்ல ஒருத்தரும் ரெண்டு நிமிசத்துக்குள்ள முடிக்கல. அதனால இதுல பாதி பயலுக்கு, பாதி வைட்டோட வயசுக்கு.

மாட்டுச் சந்தைக்கு என்கூட வந்திருக்கேல்ல? தரகர் என்ன செய்வாரு? விக்க வேண்டிய காளையை நல்லாக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, பக்கத்துல நாலு வத்தல் மாட்டைக் கட்டி வைப்பாரு. காளை மேல தப்பு இல்ல. அது பாட்டுக்கு நிக்குது. வத்தல் மாட்டு மேலயும் தப்பு இல்ல. வாங்க வந்தவன் கண்ணுக்கு மட்டும் காளை ரெண்டு முழம் ஒசந்து தெரியும். பல்லைப் பிடிச்சுப் பாக்கலாம், சுழியைப் பாக்கலாம், வாலை முறுக்கிப் பாக்கலாம். ஆனா உச்சி வெயில்ல ஏர்ல கட்டி நாலு சால் ஓட்டுற வரைக்கும் அது படுக்குற மாடா, உழுகுற மாடான்னு தரகருக்கே தெரியாது.

குத்துச்சண்டையில அந்தத் தரகு வேலைக்குன்னே ஆள் இருக்காங்க, மேட்ச்மேக்கர்னு பேரு. நம்ம பயலோட புரமோட்டர் பிராங்க் வாரன் இந்தத் தொழில்ல நாப்பது வருசத்துக்கு மேல பழம் தின்னு கொட்டை போட்டவரு. வளர்ற பயலுக்கு யாரை எப்ப எதிர்ல நிறுத்தணும்ங்கிறதுதான் அவங்க சரக்கு. நாலு ரவுண்டு, ஆறு ரவுண்டு ஆட்டத்துக்குன்னே கூலிக்கு வர்ற ஆளுக உண்டு. பை ஒண்ணைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போவாங்க. ஜெயிக்கணும்னு அவங்களை யாரும் கூப்பிடுறதில்ல. இங்கிலாந்துல அந்தச் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் தனியா நீதிபதிங்ககூடக் கிடையாது, ரெஃப்ரி ஒருத்தரே பாயிண்டும் போட்டுருவாரு. இதை ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன். பழைய கை, புதுக்கைக்குச் சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடம் அது. கழுத்துல தொங்குறது எப்படி, கட்டிப்பிடிச்சு மூச்சு வாங்குறது எப்படி, ரெஃப்ரி பாக்காதப்ப முழங்கையை எங்க வைக்கணும், எல்லாம் அங்கதான் படிக்கணும். உன் ஆளு என்ன செஞ்சான்? வாத்தியார் சாக்பீஸை எடுக்கறதுக்கு முன்னாடியே வாத்தியாரைப் படுக்க வச்சுட்டான். பாடம் எப்படா நடக்கும்?

வரிசையாப் பாரு. 2024 ஜூலையில மரியுஸ் வாக். போலந்துக்காரரு, ஏழடிக்கு நாலரை அங்குலம்தான் கொறைச்சல். 2012-ல விளாடிமிர் கிளிச்கோ கூட 12 ரவுண்டும் அடி வாங்கிக்கிட்டு நின்ன இரும்பு மண்டை. அவரை நம்ம பய ரெண்டாவது ரவுண்டுல நிறுத்திட்டான். பிரமாதம்! கிளிச்கோ செய்யாததைச் செஞ்சான்னு நீ குதிச்ச. வாக்குக்கு அப்ப 44 வயசுன்னு நான் சொன்னதும் 'நெட் போயிருச்சு தாத்தா'ன்னு எந்திரிச்சுப் போயிட்ட. அடுத்து 2025 மே மாசம், கிளாஸ்கோவுல மைக் பலோகன். அதுவரைக்கும் ஒரு தோல்விகூடக் கிடையாதுன்னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்டிருந்தாய்ங்க. தோக்காதவருதான். ஆனா அமெரிக்க ஃபுட்பால் ஆடிட்டு அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வந்தவரு, வயசு 41. ரெண்டாவது ரவுண்டுல முடிஞ்சது.

இந்த வரிசையில எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். டெம்சி மெக்கீன், ஆஸ்திரேலியாக்காரரு. 2023 ஆகஸ்ட்ல இவரை வீழ்த்த ஹெர்கோவிச்சுக்கு 12-வது ரவுண்டு வரைக்கும் பிடிச்சது. ஹெர்கோவிச் ஒலிம்பிக்குல பதக்கம் வாங்கின ஆளு, சோதா இல்ல. அதே மெக்கீனை 2024 டிசம்பர்ல ரியாத்துல நம்ம பய முதல் ரவுண்டுலயே முடிச்சான், இருபது வயசு ஆக ஒரு வாரம் இருக்கிறப்ப. அன்னைக்கு நானும் கொஞ்சம் நிமிந்து உக்காந்தேன். உன்கிட்டக் காட்டிக்கல.

இப்ப 'அடுத்த டைசன்' கணக்கு. டைசன் 1986 நவம்பர் 22-ல டிரெவர் பெர்பிக்கை ரெண்டாவது ரவுண்டுல சாச்சு உலகச் சாம்பியன் ஆனப்ப வயசு 20 வருசம் 4 மாசம் சொச்சம். ஹெவிவெயிட்டுல அவ்வளவு சின்ன வயசுச் சாம்பியன் அதுக்கு முன்னாடியும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல. அந்தச் சாதனையை இடாவுமா உடைப்பான்னு சொல்லித்தான் டிக்கெட்டு வித்தாய்ங்க. பயலும் ஆசைப்பட்டான். 2025 மே மாசத்தோட அந்தத் தேதி தாண்டிப் போயிருச்சு. நல்லதாப் போச்சு, போன சனியன்னு நான் நினைச்சேன். கேலண்டர்கூடக் குத்துச்சண்டை போடுறது என்ன பழக்கம்?

ஆனா நீங்க யாரும் பேசாத இன்னொரு கணக்கு இருக்கு. டைசன் தொழில்ல இறங்கினது 1985 மார்ச். பெர்பிக்கோட மோதினது அவனோட 28-வது ஆட்டம். இருபது மாசத்துல 28! மாசத்துக்கு ஒண்ணுக்கும் மேல. முதல் 19 பேரையும் முழு ஆட்டம் நிக்கவிடாம அனுப்பினான். ஊரே உன்ன மாதிரி விசில் அடிச்சது. இருபதாவதா 1986 மே மாசம் ஒருத்தர் வந்தாரு, ஜேம்ஸ் டில்லிஸ். சாம்பியன் கிடையாது. ஆனா ஓடத் தெரியும், நிக்கத் தெரியும், அடி விழுந்தா அசராம அடுத்த பக்கம் நகரத் தெரியும். பத்து ரவுண்டும் நின்னாரு. டைசன் பாயிண்டுலதான் ஜெயிச்சான், அதுவும் இழுபறியா. மூணு வாரங்கூட ஆகல, மிட்ச் கிரீன். அவரும் பத்து ரவுண்டு. அந்த ரெண்டு ராத்திரியில டைசனுக்கு என்ன தெரிஞ்சதோ, பாத்துக்கிட்டிருந்தவங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சுபோச்சு: அடி பலிக்காதப்ப இந்தப் பய அழ மாட்டான், வேலையைப் பாப்பான். பெர்பிக்கை அடிச்சப்ப டைசன் கையில அந்த இருபது ரவுண்டும் இருந்துச்சு.

இடாவுமாவுக்கு ஒரு டில்லிஸ் வரல. வைட் ஆட்டம் வரைக்கும் 13 மோதல், 13 வெற்றி, 11 நாக்அவுட். பெரும்பாலும் முதல் ரெண்டு ரவுண்டுக்குள்ள. மீதி ரெண்டும் ஆறு ரவுண்டு ஆட்டம், பாயிண்டுல ஜெயிச்சது. ஏழாவது ரவுண்டு மணி எப்படி ஒலிக்கும்னு அவன் ரிங்குக்கு வெளியில இருந்துதான் கேட்டிருப்பான். பெரிய ஆட்டம்கிறது 12 ரவுண்டு, மூணு மூணு நிமிசமா 36 நிமிசம். நூத்துப் பத்து கிலோ ஆள் ஒருத்தன் உன் கழுத்துல தொங்கிக்கிட்டே இருப்பான். எட்டாவது ரவுண்டுல கை தூக்கவே கனக்கும். உதடு கிழிஞ்சிருக்கும். மூலையில உக்காந்தா ஒரு நிமிசம், அதுல பயிற்சியாளர் ஒண்ணு கத்துவாரு, ஒருத்தர் ஐஸ் கட்டியை வைப்பாரு. எந்திரிச்சுப் போய் திரும்பவும் அதே ஆளைப் பாக்கணும். அந்த நேரத்துல இடாவுமா யாரு? தெரியாது. அவன் கெட்டவன்னு சொல்லல, தெரியாதுங்கிறேன். தெரியாத சரக்குக்கு நீ தெரிஞ்ச விலை குடுக்குற.

பயிற்சியில ஜோஷுவாகூட ஆடியிருக்கான், டூபாகூட ஆடியிருக்கான்னு சொல்லுவ. ஆடியிருக்கான். தலைக்கவசத்தை மாட்டிக்கிட்டு, டிக்கெட்டு இல்லாம, பட்டம் இல்லாம. கல்யாண ஒத்திகையில எவனும் தாலி கட்டிர மாட்டான்டா.

இந்தப் பேச்செல்லாம் அந்தப் பய வீட்டுக்குத் தெரியாதுன்னு நினைக்காத. அவன் அண்ணன் கரோல் இடாவுமாவும் தொழில்முறைக்காரன், லைட் ஹெவிவெயிட். அவனையும் நாளைய சாம்பியன்னுதான் தூக்கிவச்சாய்ங்க. 2023 ஏப்ரல் 15, லண்டன் காப்பர் பாக்ஸ். அதுவரைக்கும் தோல்வியே காணாத கரோலுக்கு எதிரா எசக்கியல் மதெர்னான்னு அர்ஜென்டினாவுலருந்து ஒரு பழைய கை. வந்துட்டுப் போகட்டும்னு கூப்பிட்ட ஆளு. அஞ்சாவது ரவுண்டுல கரோலைப் போட்டுட்டுப் போயிட்டாரு. அதே ராத்திரி, அதே ரிங்குல ஜோ ஜாய்ஸ். ஒலிம்பிக் வெள்ளி, தோல்வியே கிடையாது, எத்தனை அடி விழுந்தாலும் முன்னாடியே நடந்து வருவாருன்னு பேரு. சீனாக்காரர் ஜிலெய் ஜாங், 39 வயசு, இடது கையாலயே ஜாய்ஸோட வலது கண்ணை மூட வச்சு ஆறாவது ரவுண்டுல முடிச்சாரு. ஒரே ராத்திரியில ரெண்டு பேரோட புகழ் சரிஞ்சது. ஒண்ணு தம்பியோட சொந்த வீட்டுல. இடாவுமா மைக்கைப் பிடிச்சா அலட்டாமப் பேசுறானேன்னு நீ ஆச்சரியப்படுற. எனக்கு அதுல ஒரு ஆச்சரியமும் இல்ல.

ஜெயிச்சதை எண்ணுறவங்களுக்குன்னே நியூயார்க்குல ஒருத்தன் இருந்தான், எட்கர் பெர்லாங்கா. முதல் 16 ஆட்டத்தையும் முதல் ரவுண்டுலயே முடிச்சவன். பதினாறு! உன் ஆளுகூட அந்தப் பக்கம் போகல. அப்ப ரசிகருங்க கத்தின கத்து உனக்கு ஞாபகம் இருக்காது. 2021 ஏப்ரல்ல டெமண்ட் நிக்கல்சன்னு ஒருத்தரு எட்டு ரவுண்டும் நின்னுட்டாரு. அதோட வரம் தீந்துபோச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் ஆட்டத்துக்கு ஆட்டம் கடைசி மணி வரைக்கும் இழுவைதான். 2022-ல ஒரு எதிராளியைக் கடிக்கவே போயிட்டான், ஆறு மாசம் தடை போட்டாய்ங்க. கை பலிக்கலேன்னா பல்லு. 2025 ஜூலையில ஹம்சா ஷீராஸ் அஞ்சாவது ரவுண்டுல முடிச்சு வச்சான். பெர்லாங்கா பேடி இல்லடா. கனெலோங்கிற பெரிய கைக்கு எதிரா 12 ரவுண்டு நின்னவன். பதினாறு முதல் ரவுண்டு அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்துச்சுன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல.

ஆட்லி ஹாரிசன் கதை இன்னும் சுருக்கம். 2000 சிட்னி ஒலிம்பிக்குல தங்கம், பிபிசி பத்து லட்சம் பவுண்டு குடுத்து அவன் ஆட்டத்தை வாங்குச்சு. பத்து வருசம் கழிச்சு 2010-ல டேவிட் ஹே முன்னாடி வந்து நின்னான். மூணாவது ரவுண்டுல ஆட்டம் முடியறதுக்குள்ள அவன் குத்துனதுல ஒரே ஒரு குத்துதான் பட்டுச்சுன்னு கணக்கெடுத்துச் சொன்னாய்ங்க. பவுண்டுக் கணக்கை நீயே போட்டுக்கோ.

அதுக்காகப் பெருமையடிக்கப்படுற பயலெல்லாம் பொக்குன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா நான் வயசானவன்னு ஆகிரும். 1963 ஜூன்ல வெம்ப்ளி ஸ்டேடியத்துல 21 வயசுப் பய ஒருத்தன் கிரீடம் எல்லாம் மாட்டிக்கிட்டு வந்தான். வாய் ஓயாது. கேசியஸ் கிளே. நாலாவது ரவுண்டு முடியப்போற நேரம், ஹென்றி கூப்பர் இடது கையால ஒண்ணு விட்டாரு. கிளே கயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சரிஞ்சான். மணி அடிச்சதுனால பொழைச்சான். இங்கிலாந்தே எந்திரிச்சு நின்னுச்சு. அடுத்த ரவுண்டுல அவன் வந்து கூப்பரோட கண்ணோரத்தைக் கிழிச்சு ஆட்டத்தை நிறுத்த வச்சான். எட்டு மாசத்துல லிஸ்டனை அடிச்சு சாம்பியன். கிளே ஜெயிச்ச ஆட்டம் ஆயிரம் தடவ காட்டுவாய்ங்க. எனக்குப் பிடிச்சது அந்த ஒரு நிமிசம்தான், மூலையில முக்காலியில உக்காந்துக்கிட்டுக் கண்ணு எங்கயோ போயிருந்த அந்த நிமிசம். அதுல இருந்து எந்திரிச்சு வர்றவனுக்குத்தான் தாத்தா துண்டை எடுத்துச் சுத்துவேன்.

அதே ஆளு முகமது அலியா 1980-ல மதராசுக்கு வந்தாரு, ஜிம்மி எல்லிஸ்கூட நேரு ஸ்டேடியத்துல காட்சி ஆட்டம், எம்ஜிஆர் முன்னிலையில. ஓய்வு வாங்கிட்டேன்னு சொல்லிட்ட மனுசன், உடம்பு பெருத்திருந்தது. நாங்க கத்தின கத்துல அவரு திரும்பவும் உலகத்தை ஜெயிச்சுருவாருன்னு எங்களுக்கே நம்பிக்கை வந்திருச்சு. உலகம் பூரா அப்படித்தான் கத்துனாய்ங்க. அந்த வருசமே அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸ்கூட இறங்கினாரு. 38 வயசு. பத்து ரவுண்டு சும்மா நின்னு அடி வாங்கினாரு, மூலையில இருந்தவங்கதான் போதும்னு நிறுத்தினாங்க. கைதட்டுறவனுக்கு அடி விழாதுடா, அதுதான் இதுல உள்ள சௌகரியம்.

நீ சாயம் மாறமாட்டேன்னு சத்தியம் பண்ணுவ. டேனியல் டூபாவைக் கேட்டுப் பாரு. 2020 நவம்பர்ல தோல்வி காணாத 23 வயசுப் பய, அவனும் அடுத்த சாம்பியன்தான். ஜாய்ஸ்கிட்ட பத்தாவது ரவுண்டுல முட்டிபோட்டு உக்காந்துட்டான். கண்ணுக்குழி எலும்பு ஒடிஞ்சிருந்தது. ராத்திரியோட ராத்திரியா அவனைக் கோழைன்னு எழுதினது யாரு? முந்தின நாள் அவன் படத்தை வச்சிருந்த உன்ன மாதிரி பயலுகதான். 2024 செப்டம்பர்ல வெம்ப்ளியில ஜோஷுவாவை அஞ்சாவது ரவுண்டுல சாச்சான். திரும்பவும் படம் ஏறுச்சு. 2025 ஜூலையில உஸிக்குகிட்ட அஞ்சாவது ரவுண்டுல தோத்தான். படம் எறங்குச்சு. அந்த எடத்துலதான் இப்ப இடாவுமா இருக்கான்னு நினைக்கிறேன், வாடகை வீடு மாதிரி.

உஸிக்கோட மோதவிடணும்னு வைட் விழுந்த மறுநாளே நீங்க கேட்டது இருக்கே, அதுதான் உச்சம். உஸிக்குக்கு அப்ப வயசு 38, அதனால நேரம் சரின்னு ஒரு கணக்கு. அந்த மனுசன் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம், ஒரு எடை கீழ இருந்தப்பவே எல்லாப் பட்டத்தையும் அள்ளினவரு, மேல வந்து ஜோஷுவாவை ரெண்டு தடவ, பியூரியை ரெண்டு தடவ, டூபாவை ரெண்டு தடவ. பெரும்பாலும் முதல் நாலு ரவுண்டுல எதிராளியைப் படிப்பாரு, அடுத்த எட்டுல கணக்குத் தீப்பாரு. முதல் ரெண்டுலயே முடிக்கிற பயலுக்கும் முதல் நாலுல படிக்கிற ஆளுக்கும் நடுவுல என்ன நடக்கும்? பாக்க எனக்கும் ஆசைதான். ஆனா அந்த ஆசைக்குத் தாடையைக் குடுக்கப்போறது நீயும் இல்ல, நானும் இல்ல.

பங்கு பிரிச்சாச்சு, கேட்டுக்கோ. கை வேகம், கால் வைக்கிற எடம், அலட்டாத புத்தி, மெக்கீன் ராத்திரி, இது பயலுக்கு. வாக்கோட 44 வயசும் பலோகனோட 41 வயசும் வைட்டோட பழைய காயங்களும் வாரன் கூட்டத்தோட கைவரிசைக்கு. ரியாத்துல கொட்டுற பணத்துக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் கொஞ்சம். 'அடுத்த டைசன்'ங்கிறது எந்தப் பங்குலயும் சேராது, அது பொறம்போக்கு. அடுத்த தடவ அவன் ஆட்டம் பாத்தா, அவன் அடிக்கிறப்ப பாக்காத. அவன் மூக்குல ஒண்ணு நல்லாப் பட்டதும் மூணு வினாடி அவன் மூஞ்சியை மட்டும் பாரு. அப்புறம் மூலைக்கு வந்து உக்காந்தா வாயால மூச்சு விடுறானா, மூக்கால விடுறானான்னு பாரு. பாத்து எனக்கும் சொல்லு, எனக்கு அந்தச் சின்ன ஃபோன்ல கண்ணு தெரியல.

வா, பந்தயம் கட்டுவோம். திருப்பி அடிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் எதிர்ல நின்னு, எட்டாவது ரவுண்டு மணியும் அடிச்சு, அதுக்கப்புறமும் நம்ம பய ஜெயிச்சு இறங்கிட்டான்னா நீ ஆட்டம் பாக்குற டஜோன் சந்தாவை ஒரு வருசத்துக்கு என் முதியோர் பணத்துல கட்டிர்றேன், உங்க ஆத்தாவுக்குத் தெரியாம. தோத்துட்டான்னா ஒரு மாசத்துக்கு ராத்திரி மும்முனைக் கரண்டு வர்றப்ப மோட்டார் போட்டு வாய்க்கால் திருப்பி விடுறது உன் பொறுப்பு. எப்படியும் முழிச்சுத்தானே கெடக்குற.